தொலி மேடம் லீவுக்குக் கிளம்பிய கதை

வெங்காயத்தை உரித்து, வெங்காயத்தைக் குழம்புக்கு அனுப்பிவிட்டு, தொலியை பீரோவில் வைத்துப் பூட்டிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் எங்கள் ஹாஸ்டல் வார்டன்தான். சந்தேகம் இருந்தால் எங்களோடு படித்த எந்த நர்ஸை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குத்த வந்த ஊசியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நோயாளிகள் அதை நல்லதாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

எங்கள் பக்கம் தோலைத் தொலி என்போம். அதனால் அவர் தொலி மேடம். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பெண்மணி. தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் எந்நேரமும் ஒரு பை. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று முதல் வருஷத்துப் பெண்கள் மட்டும்தான் எட்டிப் பார்ப்பார்கள். வாசனை பட்டதும் அவர்களும் திருந்திவிடுவார்கள்.

மேடத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. லீவு விட்டதும் கூடலூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பின்பக்கம் பெரிய இடம். அதில் அடுப்பு மூட்டி, தொலியும் பூவும் பட்டையும் போட்டுக் கொதிக்கவிட்டு, வெள்ளைத் துணியை முக்கி, விடியற்காலை வானம் மாதிரி ஒரு ஆரஞ்சு நிறத்தில் எடுக்க வேண்டும். முழங்கை வரை சாயம், சேலையெல்லாம் திட்டுத்திட்டாகக் கறை, ஏன் எதற்கு என்று கேட்க ஆள் இல்லாத ஒரு லீவு. இதை எங்கிருந்து பிடித்தார் என்றால் செல்போனிலிருந்து. யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா தோட்டத்தில் நின்று துணிக்குச் சாயம் போடுகிற வீடியோக்களை சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பார்.

"மேடம், அந்தம்மா என்ன சொல்றாக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன சொன்னா என்ன புள்ள? அந்தக் கையப் பாரு. எம்புட்டு அழுக்கு! குடுத்து வச்சவ."

மற்றவர்கள் லீவுக்குத் தயாராவது என்றால் முதல் நாள் துணி மடிப்பார்கள். மேடம் ஒரு லீவு முடிந்து திரும்பிய மறுநாளே அடுத்த லீவுக்குத் தயாராகத் தொடங்கிவிடுவார். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வாளிகள் வரிசையாக நிற்கும். ஒன்று மாதுளந்தொலிக்கு, ஒன்று டீத்தூள் சக்கைக்கு, ஒன்று திராட்சைத் தொலிக்கு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை என்பதால் மூன்றாவது வாளிதான் சீக்கிரம் நிறையும்.

"மேடம், திராட்சைய தொலியோடதேன் திங்கணும். அதுலதேன் சத்து இருக்குன்னு கிளாஸ்ல சொன்னாக" என்றாள் என் அறைத்தோழி.

"சத்தும் ஒனக்கு, சாயமும் ஒனக்கா? ரெண்டையும் நீயே தின்னா நா எங்கன போவேன்? துப்புடி வாளில."

இரவு வருகைப்பதிவு எடுக்கும்போது இன்னும் மோசம். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார். "வருசநாடு... சின்னமனூரு... தேவாரம்..." என்று வந்துகொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். யாராவது ஒருத்தியின் வெள்ளைத் துப்பட்டாவையே பார்த்துக்கொண்டிருப்பார். "இதக் கடுக்காத் தண்ணில ஊறப்போட்டு எடுத்தம்னா..." என்பார். துப்பட்டாக்காரி இரண்டடி பின்னால் போவாள். நாங்கள் கொட்டாவி விட்டபடி அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருப்போம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேடம் அதுவரை ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சாயம் போட்டதில்லை. ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது வந்து கெடுக்கும். ஒரு லீவில் உறவுக்காரக் கல்யாணம். இன்னொரு லீவில் மஞ்சள் காமாலை. அதற்கடுத்த முறை தங்கச்சி வீட்டு ஆடு தொலியை மூட்டையோடு தின்றுவிட்டு இரண்டு நாள் சொக்கிக் கிடந்ததாம்.

ஒரு கோடை லீவில் நடந்ததுதான் உச்சம். மாதக் கணக்கில் சேர்த்த திராட்சைத் தொலியை மூட்டை கட்டி, குமுளி பஸ்ஸில் தன் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கம்பம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் ஒரு மாதிரி வாடை. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அப்பாவியை எல்லோரும் முறைத்தார்கள். அவர் எழுந்து ஊதிக் காட்டி நிரபராதி என்று நிரூபித்த பிறகு, கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே மேடத்திடம் வந்தார்.

"யம்மா, மூட்டைல என்ன?"

"திராட்சத் தொலி தம்பி."

"அது தெரியுது. எத்தன நாளு ஊறலு?"

"ஏலே! அஞ்சு வேள தொழுகுறவளப் பாத்துக் கேக்குற கேள்வியாலே இது?"

"நல்லாத் தொழுகுங்கம்மா. மூட்டைய மட்டும் எறக்கிருங்க."

மூட்டையைப் பிரிய மனமில்லாமல் மேடமும் கூடவே இறங்கிவிட்டார். ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து வந்த பெண்கள் பரிதாபப்பட்டு அவரை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். கூடலூர் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி வீட்டுக்காரர் வாசலில் நின்று மேடத்தை உள்ளே அனுப்பினார், மூட்டையைக் குப்பைமேட்டுக்கு அனுப்பினார். அந்த லீவும் அப்படிப் போயிற்று.

இப்போது என் கதைக்கு வர வேண்டும். எனக்குச் சொந்த ஊர் குச்சனூர். ஹாஸ்டல் இருந்ததோ அனுமந்தன்பட்டியைத் தாண்டி, கம்பம் போகிற மெயின் ரோட்டின் மேலேயே. வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அப்பா சனீஸ்வரர் கோயில் வாசலில் எள் விளக்கும் பூசைச் சாமானும் விற்கிறார். இரண்டாம் வருஷம் ஆவணியில் என் அம்மா இறந்துபோனாள். காரியம் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தவள், அதன்பிறகு வீட்டுப் பக்கமே போகவில்லை. பரீட்சை, பிராக்டிகல் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். டிசம்பர் லீவு வந்தபோது என்னிடம் சாக்கு தீர்ந்துவிட்டது.

அந்த லீவுக்கு மேடம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தயாராகியிருந்தார். சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய வெள்ளை வேட்டிகளை வாங்கிச் சேர்த்திருந்தார். பழைய பருத்தியில்தான் சாயம் நன்றாகப் பிடிக்குமாம். பெரிய பாத்திரம் வேண்டும் என்று அனுமந்தன்பட்டியில் வெல்லம் காய்ச்சுகிற ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு இரும்புக் கொப்பரையை இரவல் வாங்கியிருந்தார். நான்கு பேர் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியது. அதைக் கூடலூருக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோவும் பேசியாகிவிட்டது.

கடைசிப் பெண்ணும் போன பிறகு ஹாஸ்டலைப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். லீவில் ஒரு ஈ காக்கை உள்ளே இருக்கக் கூடாது என்று எங்கள் நர்சிங் காலேஜ் கரஸ்பாண்டன்ட் சாரின் கண்டிப்பான உத்தரவு. எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் பையைக்கூட எடுக்காமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"குச்சனூரு, நீ கெளம்பல?"

"தலவலி மேடம்."

"மாத்தரை போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயேன்."

நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்துத் தங்கச்சிக்குப் போட்டார்.

"ஏ, நா இந்த லீவுக்கு வரல. லோடு ஆட்டோக்காரன் வர முடியாதுன்டான்."

கேட்டுக்கு வெளியே லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. "யக்கா, நா வந்து எம்புட்டு நேரமாச்சு!" என்று டிரைவர் கத்தினார்.

"அது வேற ஆட்டோடி" என்று போனை வைத்தார் மேடம். பிறகு என்னைப் பார்த்து, "எந்திரி. கூடலூருல எரியிற அடுப்பு இங்கன எரியாதா? இங்கனயே காய்ச்சுவம்" என்றார்.

"கரஸ்பாண்டன்ட் சாருக்குத் தெரிஞ்சா மேடம்?"

"ஒன்னய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக. என்னய வேலைய விட்டே அனுப்பிருவாக. அதேன், ஆருக்கும் தெரியாம கமுக்கமா இருந்துக்கிருவம்."

கமுக்கமாக இருந்த லட்சணத்தை இனிமேல் சொல்கிறேன்.

பின்பக்கம் கல் கூட்டி, கொப்பரையை ஏற்றி, தென்னை மட்டையை வைத்து எரித்தோம். வேட்டிகளை முதல் நாளே கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டாகிவிட்டது. கொப்பரையில் மாதுளந்தொலியும் வெங்காயத் தொலியும் தளதளவென்று கொதித்தன. மேடத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புகையில் கண் கலங்கி, முக்காடு கழுத்தில் கிடக்க, கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் மாதிரி கம்பை வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"இப்பப் பாரு புள்ள, விடியக்கால வானம்" என்று சொல்லி முதல் வேட்டியைக் கம்பால் தூக்கினார்.

வந்தது அமாவாசை. அட்டக் கருப்பு.

"ஒன்னு அப்பிடித்தேன் வரும்" என்று அடுத்ததை முக்கினார். அதுவும் கருப்பு. "காஞ்சா வெளுக்கும்" என்று எல்லாவற்றையும் முக்கினார். காய்ந்ததும் இன்னும் கருத்தது. இரும்புத் துருவும் கடுக்காயும் சேர்ந்தால் மை மாதிரிக் கருப்பு வரும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வெளிநாட்டு அம்மா அதைச் சொல்லியிருப்பாள். சத்தத்தை வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

பின்பக்கம் முழுக்கத் தென்னை நிழல். வெயில் விழுவது ரோட்டோரத்துக் காம்பவுண்டுச் சுவரில் மட்டும்தான். ஆகவே அத்தனை வேட்டிகளையும் அந்தச் சுவரில் வரிசையாகக் காயப்போட்டோம். மாதம் மார்கழி. ரோடு, குமுளி ரோடு. சபரிமலைக்குப் போகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இது என் மண்டையிலும் ஏறவில்லை, மேடத்தின் மண்டையிலும் ஏறவில்லை.

"சாமியே... சரணமய்யப்பா!" என்று வாசலில் சத்தம் கேட்டு ஓடினேன். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு வேன் சாமிமார்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கக் கருப்பு வேட்டி காய்கிறது, பின்னால் புகை வருகிறது. சாமிகள் தங்கிச் சாப்பிட்டுப் போகிற இடம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மாலை போட்டிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வெள்ளைத் தாடி வைத்த குருசாமி, முழங்கை வரை கருப்பாக வந்து நின்ற மேடத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மாளிகப்புறம், சேலத்துலருந்து வர்றோம். குளிச்சிட்டு ஏதாவது சாப்பிட்டுட்டுப் போயிடறோம்."

மேடம் திரும்பிப் பின்னால் பார்த்தார். "ஆரச் சொல்றாக?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒங்களத்தேன் மேடம். பொம்பளைகள அவுக அப்பிடித்தேன் கூப்புடுவாக."

அதற்குள் ஒரு இளவட்டக் கன்னிச்சாமி கொப்பரையைக் கண்டுபிடித்துவிட்டார். கருப்பாக, ஆவி பறக்க, மார்கழிக் குளிரில் வேறு எதை நினைப்பார்? ஒரு டம்ளரில் மோந்து ஊதி ஊதி ஒரு மடக்குக் குடித்தார்.

"யா அல்லா! அது வேட்டி!" என்று மேடம் அலறினார்.

"சுக்குக் காப்பி ரொம்ப ஸ்ட்ராங்கு சாமி" என்றார் கன்னிச்சாமி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. கடுக்காய் வயிற்றுக்குள் போனால் என்ன வேலை செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுவருஷம் அதே குருசாமி வந்தபோது, மலையடிவாரத்து லோயர் கேம்ப் போவதற்குள் வேன் எங்கெங்கே நின்றது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இது பெண்கள் ஹாஸ்டல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பசிக்குதுன்னு வந்துட்டாக. வேட்டி காயப்போட்டது தப்புன்னு சொல்லியா தொரத்துறது? போயி ரவைய எடு."

பின்பக்கத் தென்னந்தோப்புக்குள் இருந்த பம்புசெட்டில் அவர்கள் குளித்தார்கள். நாங்கள் உப்புமா கிண்டினோம். வெங்காயம் போட வேண்டாம் என்று குருசாமி சொன்னபோதுதான் மேடத்தின் முகம் லேசாக வாடியது. ஒரு வேன் நின்றதைப் பார்த்து இன்னொரு வேன் நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் செல்போன் மேப்பில் எங்கள் ஹாஸ்டலுக்கு 'அன்னதான மண்டபம்' என்று பெயர் வைத்துவிட்டான். மறுநாள் காலையில் வாசலில் வேன் நிறுத்த இடமில்லை, ஒருவர் இளநீர்க்கடை போட்டுவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் கரஸ்பாண்டன்ட் சாரின் கார் வந்து நின்றது. குடும்பத்தோடு தேக்கடிக்குப் போகிற வழியாம். பூட்டியிருக்க வேண்டிய பெண்கள் ஹாஸ்டலுக்குள் சட்டை போடாத ஆண்கள் தலை துவட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர் காரிலிருந்து பாதி இறங்கி அப்படியே நின்றார். இன்றைக்குச் சாயங்காலம் நான் அந்த வீட்டுக் கதவின் முன்னால் நிற்கப் போகிறேன், என்னால் மேடத்துக்கும் வேலை போகப் போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யாரு இதத் தொறந்தது?" என்று அவர் ஆரம்பித்தார்.

மேடம் கரண்டியோடு முன்னால் வந்தார். "இந்தா, சாரே வந்துட்டாக! சாமி, இது இவுக இடந்தேன். நீங்க தின்னதெல்லாம் இவுக சோறுதேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அவ்வளவுதான். "அன்னதானப் பிரபுவே சரணமய்யப்பா!" என்று மொத்தக் கூட்டமும் முழங்கியது. ஒரு குருசாமி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து சாருக்குப் போர்த்தினார். இன்னொருவர் நெற்றியில் திருநீறு பூசினார். காருக்குள்ளிருந்து சாரின் மனைவி கைகூப்பியபடி இறங்கி வந்து, "என்னங்க, எங்கிட்டக்கூடச் சொல்லலியே" என்று கண் கலங்கினார். அதற்குமேல் ஒரு மனுஷன் என்ன கோபப்பட முடியும்?

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு?" என்றார்.

"நம்ம காலேஜு புள்ளதேன் சார். சேவை செய்யிறேன்னு வீட்டுக்குக்கூடப் போகாம நிக்கிது. இவள அனுப்பிட்டா என்னால ஒத்தையில கிண்ட முடியாது. நிப்பாட்டிருவமா?"

"சேச்சே! லீவு முடியுற வரைக்கும் நடக்கட்டும்" என்றார் அன்னதானப் பிரபு. மறுநாள் காலையில் ரவை மூட்டைகள் வந்து இறங்கின.

மேடம் கனவு கண்ட அந்த லீவு முழுக்க உப்புமாவில் போனது. கொப்பரையைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். விடியற்காலை வானத்துக்கு மிச்சமிருந்த தொலியைத் தொட நேரமில்லை. விடிவதற்கு முன் எழுந்தால் இரவு படுத்ததுகூடத் தெரியாது, அப்படி வேலை. ஆவணியிலிருந்து சரியாகத் தூங்காத நான், அந்த மார்கழியில்தான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எனக்கு அப்போது அதுதான் வேண்டியிருந்தது. அதை எனக்கு முன்னால் அவர் தெரிந்து வைத்திருந்தார்.

லீவின் கடைசி நாள் காலையில் மேடம் கருப்பு வேட்டிகளை மடித்து மூட்டை கட்டினார். "வா, குச்சனூருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவம். சாயங்காலம் திரும்பிரலாம்" என்றார். நான் மறுப்பதற்குள் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

கோயில் வாசலில் அப்பா எங்களைப் பார்த்ததும் கடையை விட்டு இறங்கி வந்தார். "வாங்க தாயி" என்றவர், என் தலையில் கை வைத்தார். மேடம் மூட்டையைப் பிரித்தார்.

"அண்ணே, இது சாமிக்கு ஆகுமான்னு பாருங்க. ஆகலைன்னா அடுப்புல போட்ருங்க."

அப்பா ஒரு வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். சனீஸ்வரருக்கு எள் முடிந்து விளக்குப் போட வருஷம் பூராவும் கருப்புத் துணி தேடுகிற ஊர் அது.

"கடைல வாங்குறது ஒரு தண்ணிக்கு ஓடிப்போகும் தாயி. இது அசையல. எப்பிடிப் போட்டீக இந்தக் கருப்ப?"

மேடம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அது தொழில் ரகசியம்ணே" என்றார்.

அப்பா கடையை விட்டு வர முடியவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை, நல்ல கூட்டம். வீட்டுச் சாவியைக் கொடுத்தார். இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கு முன்னால் வந்ததும் நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். ஸ்கூல் விட்டு வந்தாலும், ஹாஸ்டலிலிருந்து வந்தாலும், கேட் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து "வந்துட்டியா, வா" என்று அம்மாவின் குரல் வரும். இப்போது கதவைத் திறந்தால் அந்தச் சத்தமில்லாத வீடு இருக்கும். அதற்குப் பயந்துதான் இத்தனை மாதமும் ஒளிந்துகொண்டிருந்தேன். மேடத்திடம் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மேடம் என் கையிலிருந்து சாவியை வாங்கினார். "நீ இங்கனயே நில்லு. நா மொதப் போறேன்" என்றார்.

கதவு திறந்தது. ஜன்னல்களைத் தள்ளித் திறக்கிற சத்தம் கேட்டது. சமையல்கட்டில் பாத்திரம் உருண்டது, அதைத் தொடர்ந்து "யா அல்லா" என்று ஒரு குரல். குழாயில் தண்ணீர் விழுந்தது, அடுப்பு பற்றிக்கொண்டது. பிறகு வீட்டுக்குள்ளிருந்து மேடம் கூப்பிட்டார்.

"வந்துட்டியா ஆத்தா? வா, காப்பி போட்டாச்சு."

நான் உள்ளே போனேன். இன்றைக்கும் தொலி மேடம் வா என்று கூப்பிட்டால் எந்த வீட்டுக்குள்ளும் போய்விடுவேன்.